மூன்றரை மணி நேரத்தில் நின்றவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள், இஸ்திரி உருளையில் அவளுக்கு ஜோடியாக நிற்கும் தோழி.

சலவைக்கூடம் முன்பு மருத்துவமனைக்குப் பின்னாலேயே இருந்தது. இடம் போதவில்லை என்று மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கிடங்குக்கு மாற்றினார்கள். ஊழியர்களை ஏற்றிப்போகக் காலை ஏழு மணிக்கு ஒரு வேன். ஏழு என்றால் ஏழுதான். அந்த ஓட்டுநர் பெற்ற தாய்க்கும் அரை நிமிடம் நிற்கமாட்டார். ஒருநாள் அவள் தெருமுனை திரும்பவும் வேன் கிளம்பவும் சரியாக இருந்தது. கையை ஆட்டினாள், கத்தினாள், பின்னாலேயே ஓடினாள். வேன் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. அடுத்த சிக்னலில் பிடித்துவிடலாம், அதற்கடுத்த சிக்னலில் பிடித்துவிடலாம் என்று ஓடிக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், கிடங்கு வாசல் வந்திருந்தது. தோளில் சாப்பாட்டுப் பை, காலில் ரப்பர் செருப்பு, வயது நாற்பத்தொன்று.

"நாங்க இன்னும் கையெழுத்தே போடல, அதுக்குள்ள எக்ஸ்பிரஸ் வந்துருச்சேடி!" என்றாள் தோழி.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு உடம்பு பஞ்சாக இருந்தது. உருளையில் விரிப்பு கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஈரம் காயாத படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையைத் தோழி பிடிக்க, இழுத்துச் சுருக்கம் எடுத்து, கொதிக்கும் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு, எழுநூறு விரிப்புகள். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கால் கனத்துக் கிடக்கும். அன்று மட்டும் கனக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே வேனைத் தவறவிட்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த மாதம் செருப்பு போய் ஷூ வந்தது. அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் ஒரு குழுவில் சேர்ந்தாள். பத்துப் பதினைந்து பேர். ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், தையல்காரி என்று பலவிதம். தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு வங்கிக் கேஷியர். ஒல்லியான மனிதர், மாரத்தான் நாலு ஓடியவர், பேசிக்கொண்டே ஓடினாலும் மூச்சு வாங்காது. அவர் ஓடினால் மான். அவள் ஓடினால், அவளே சொல்வதுபோல, வண்டிமாடு. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். அதற்கு மேல் வேகமும் வராது, அதற்குக் கீழே குறையவும் குறையாது.

நாற்பத்தைந்தாவது வயதில் அவள் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் கொஞ்சம் சில்லறை. அதோடு வீட்டில் பட்டிமன்றமும் ஆரம்பித்தது.

அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வழித்தடம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். எந்தக் கேள்விக்கும் போனில் பதில் தேடிக் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சமையலறை மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் ஒரு பயிற்சி அட்டவணையை அச்செடுத்து வந்து விரித்தாள்.

"பாரும்மா, பதினாறு வாரம். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமா கூடுது. கடைசியா முப்பத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவுதான்."

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "முப்பத்திரண்டா? போட்டி நாப்பத்திரண்டுதானே?"

"ஆமாப்பா. பயிற்சியில முழுசா ஓடவேண்டாமாம்."

"யார் சொன்னா? புது ரூட்டுல பஸ் விடறதுக்கு முன்னாடி காலி பஸ்ஸக் கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டிப் பாப்போம். முக்கால்வாசி போயிட்டு, மீதி எப்படியோ ஆகட்டும்னு திரும்பி வரமாட்டோம்."

"பஸ்ஸுக்கு முட்டி வலிக்குமாப்பா?"

"ஏன் வலிக்காது? சஸ்பென்ஷன்னு ஒண்ணு இருக்கு, அது போனாத் தெரியும் வலி."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஓடப்போகிறவளுக்குக் கணவர் சொன்னதுதான் மனசுக்கு ஒட்டியது. ஓடிப் பார்க்காத பத்து கிலோமீட்டரை நம்பி எப்படி இறங்குவது? கேஷியரிடம் கேட்டபோது, "முப்பத்திரண்டுக்குக் குறையக் கூடாது. முப்பத்தஞ்சு போனாலும் தப்பில்ல" என்றார். அவர் அதை இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார் என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கணக்குப் போடவில்லை.

முடிவில் கணவர் ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். பேருந்துப் பணிமனையிலிருந்து நீர்த்தேக்கம் வரை ஒன்பது கிலோமீட்டர். போய்வரப் பதினெட்டு. இரண்டு ட்ரிப் அடித்தால் முப்பத்தாறு. "மீதி ஆறை உன் தைரியம் ஓடட்டும்."

அவருக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் ஓட, அவர் பக்கத்தில் சைக்கிளில். கூடையில் தண்ணீர், வாழைப்பழம், உப்புப் பொட்டலம். முதல் ட்ரிப் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அதன் பெயரைப் பழக்கதோஷத்தில் அவர் சத்தமாகச் சொன்னார். இரண்டாவது ட்ரிப்பில் இருபத்தெட்டு தாண்டியதும் இடது முழங்காலுக்குக் கீழே எலும்போரத்தில் ஏதோ முணுமுணுத்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. முப்பத்துமூன்றில் முணுமுணுப்பு பேச்சானது. பணிமனை வாசலைத் தொட்டபோது, கிளம்பி ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார் கணவர். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது இருவருக்கும்.

மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது கால் சுருக்கென்றது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. உருளை முன்னால் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் தோழி விரிப்பின் மறுமுனையைக் கீழே விட்டாள்.

"ஏண்டி, எவ்வளவு நாளா இப்படிக் கொக்கு மாதிரி நிக்கற?"

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். ஆறு வாரம் ஓடக்கூடாது, நிற்பதையும் குறைக்க வேண்டும். சலவைக்கூடத்தில் அவளை உட்கார்த்தித் துண்டு மடிக்க விட்டார்கள். போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கி, ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்து, திரும்ப அடுக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான். கணவர் கதவோரம் வந்து நின்றார், போனார், மறுபடி வந்து நின்றார்.

"நான்தான் உன்னைக் கெடுத்தேன்."

"நீங்களா ஓடினீங்க? கால் என்னுது, புத்தியும் என்னுது. அந்த மேல் டப்பாவ எடுத்துக் கொடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

எலும்பு கூடியதும் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். மருத்துவமனையின் இரண்டாம் மாடி. அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். நீளமான கை, எதையும் நேராகக் கேட்கிற சுபாவம். படுக்கையில் ஏறிப் படுத்ததும் அவள் விரிப்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா சிரிக்கறீங்க?"

"நான் தேய்ச்ச விரிப்பும்மா இது. ஓரத்துல சுருக்கம் விட்டிருக்கேன் பாருங்க."

அப்படித்தான் இருவரும் பழக்கமானார்கள். கேஷியர், பணிமனை ஓட்டம் என்று எல்லாவற்றையும் அவள் சொன்னாள். மூன்றாவது நாள் அந்தப் பெண் கேட்டாள், "முப்பத்தாறு கிலோமீட்டர் ஓட எவ்வளவு நேரமாச்சு?"

"அஞ்சு மணி பத்து நிமிஷம்."

தெரபிஸ்ட் காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, உங்க காலுக்குக் கிலோமீட்டர் கல் படிக்கத் தெரியாது. எத்தனை நேரமா அடி வாங்கறோம்னுதான் அதுக்குத் தெரியும். உங்க கேஷியர் முப்பத்திரண்டு ஓடி வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு டீ குடிக்கற நேரத்துல நீங்க இன்னும் ரோட்டுலதான் இருப்பீங்க. ஒரே தூரம், ஆனா ஒரே வேலையா?"

"அப்ப நான் எவ்வளவுதான் ஓடறது?"

"நேரத்தப் பாருங்க. மூணு மணி நேரம். ரொம்ப நல்லா இருந்தா மூன்றரை. அதுக்கு மேல ஓடி உங்களுக்குக் கிடைக்கறது கொஞ்சம், கெடறது நிறைய. அந்த ஒரு நாளுக்காக ரெண்டு வாரம் படுத்துட்டா, அந்த ரெண்டு வார ஓட்டம் போச்சே?"

அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். "மூன்றரை மணி நேரத்துல நான் இருபத்தாறுதான் போவேன். மீதி பதினாறை யாரும்மா ஓடுவா?"

"நீங்கதான். அதை ஒரே நாள்ல சேக்காதீங்க, வாரம் முழுக்கச் சேருங்க. சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓடிட்டு, அந்தக் களைப்போட ஞாயித்துக்கிழமை நீளமா ஓடுங்க. நடுவாரத்துல ஒரு ஒன்றரை மணி நேரம். கடைசி நீள ஓட்டம் போட்டிக்கு மூணு வாரம் முன்னாடியே முடிஞ்சிடணும். அப்புறம் குறைச்சுட்டே வாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இதுதான் வேதம்னு சொல்லமாட்டேன்க்கா. நாலு பேர்கிட்ட கேட்டா அஞ்சு பதில் வரும். உங்க வேகத்துக்கும் உங்க எலும்புக்கும் நான் சொல்றது இது."

வீட்டில் சொன்னபோது மகள் உடனே பழைய அட்டவணையின் பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட ஆரம்பித்தாள். கிலோமீட்டர் என்ற இடத்தில் எல்லாம் மணி, நிமிடம். கணவர் கோடு போட ஸ்கேல் எடுத்துக் கொடுத்தார். அதுவே பெரிய விஷயம்.

அடுத்த வருஷம் அப்படியே செய்தாள். அவசரப்படாமல், வாரத்துக்கு நாலு நாள். சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஓடுவாள். எட்டு மணி நேரம் நின்ற கால், ஒரு மணி நேரம் ஓடிய கால். அதே காலோடு ஞாயிறு விடியலில் திரும்பக் கிளம்புவாள். இரண்டு மணி நேரம், இரண்டரை, மூன்று. ஒரு வாரம் கூட்டினால் மறுவாரம் குறைப்பாள். இடது கால் வாயைத் திறக்கவே இல்லை.

போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழுவில் எல்லாருக்கும் அன்று முப்பத்திரண்டு. கேஷியர் தன் வேகத்தை விட்டுவிட்டு, முதல்முறை ஓடுகிறவர்களுக்குத் துணையாக அன்று பின்னால் வந்துகொண்டிருந்தார். வானம் மூடி, காற்று குளிர்ந்து, ஓடுவதற்கென்றே செய்துவைத்த காலை. இருபது தாண்டியது, இருபத்துநாலு தாண்டியது. அவளுக்குக் களைப்பு இருந்தது, ஆனால் வலி என்று எதுவும் இல்லை. டயர் கடை ஒன்றின் எதிரே கைக்கடிகாரம் பீப் அடித்தது. மூன்றரை மணி நேரம். இருபத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு இம்மி மேல்.

அவள் நின்றாள்.

"என்னாச்சு?" என்று கேஷியரும் நின்றார். "பிடிப்பா?"

"இல்ல சார். என் நேரம் முடிஞ்சது."

"நல்லாத்தானே ஓடறீங்க! இன்னும் ஆறே ஆறு. இதைப் பழகாம விட்டா போட்டியன்னிக்கு முப்பதுல கால் கட்டிக்கும். சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அதுதான் சங்கடம், அவர் அக்கறையோடு சொன்னார். தையல்காரி கையைப் பிடித்து இழுத்தாள். கால்களோ, நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன, போகலாம் போகலாம் என்று. பசியோடு உட்கார்ந்தவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவின மாதிரி இருந்தது அவளுக்கு.

"நீங்க போங்க சார். நான் பஸ்ல வரேன்."

அவர்கள் போனார்கள். அவள் டயர் கடையை அடுத்த நிறுத்தத்தில் நின்றாள். அன்று கணவருக்குக் காலைப் பணி. அந்த நேரத்துக்கு அவருடைய பேருந்து அங்கே வரும் என்று பார்த்துத்தான் வழியையே அமைத்திருந்தாள். பேருந்து வந்தது. கதவு திறந்தது.

"அதுக்குள்ளயா?" என்றார் அவர்.

"மூன்றரை ஆயிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். அவள் முன் வரிசையில் ஜன்னலோரம் துண்டை விரித்து உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் வலதுபக்கம் குழு தெரிந்தது, வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பேருந்து அவர்களைத் தாண்டியது. தையல்காரி கையை ஆட்டினாள். அவள் பதிலுக்கு ஆட்டிவிட்டு, சீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் வாத்தியார் கண்ணில் பட்ட மாதிரி இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ? எல்லாரும் ஓடுகிறார்கள், நாம் மட்டும் சொகுசாகச் சவாரி போகிறோமே? கண்ணாடியில் கணவர் இரண்டு மூன்று தடவை பார்த்தது அவளுக்குத் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் என்ஜினை நிறுத்தினார். இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சா நான் என்ன பண்றேன்?"

"வண்டிய விட்டுட்டு வீட்டுக்கு வர்றீங்க."

"டேங்க்ல டீசல் மிச்சம் இருக்கும். இருக்குதேன்னு ஓட்டிட்டே இருக்கேனா? நாளைக்கும் அதே வண்டி ரோட்டுக்கு வரணுமில்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலி பஸ்ஸைக் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர். "போன வருஷம் வேற மாதிரி பேசினீங்களே?"

"போன வருஷம் எனக்கு ஒரு வருஷம் அனுபவம் கம்மி" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரைத் தேடி இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல ஓடினாள். குழுவில் இரண்டு பேர் அந்த வாரம் முழுக்க நொண்டினார்கள். தையல்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் எலும்பு அப்படி. கேஷியரைக் கேட்கவே வேண்டாம், மறுநாளே மலையேறப் போய்விட்டு வந்தார்.

போட்டி நாள் வந்தது. ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் பேருக்கு நடுவில் அவள் கடைசி வரிசைகளில் நின்று, எல்லாரும் பாய்ந்து போனபோது தன் வண்டிமாட்டு நடையிலேயே கிளம்பினாள். பத்து, பதினைந்து, இருபது. தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் நின்று, முழுசாகக் குடித்துவிட்டுப் போனாள். இருபத்தாறாவது கல் தாண்டியதும் நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. இதற்கு மேல் இந்தக் கால்களுக்கு இந்த வருஷம் வழி தெரியாது. திக்கென்றதே தவிர, கால்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முப்பது வந்தது, கட்டிக்கொள்ளும் என்றாரே என்று கவனித்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அவளைத் தாண்டிப் போன பலர் அங்கே இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

முப்பத்துநாலில் கட்டிக்கொண்டது. தொடை இரண்டும் ஈர விரிப்புச் சுமை மாதிரி ஆயின. அங்கிருந்து ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டாள். முப்பத்தேழில் மகளும் கணவரும் நின்றிருந்தார்கள். மகள் அவள் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தாள். கணவர் வேலைக்குப் போடும் தோல் ஷூவோடு பக்கத்தில் ஓடிவர ஆரம்பித்தார்.

"நேரம் இருக்கு! ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு! அவசரப்படாத! அப்படியே..." நூறு அடிகூடப் போகவில்லை, மூச்சு இரைத்து, ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீ போ... நான் பின்னாடி வரேன்..."

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அந்தச் சிரிப்பிலேயே அரை கிலோமீட்டர் போய்விட்டது.

ஐந்து மணி நேரம் ஐம்பத்தொரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டினாள். அழுவோம் என்று நினைத்திருந்தாள், அழுகை வரவில்லை. உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றியது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் குளிர்ந்த சிமெண்டில் வைத்தாள். அதைவிடச் சுகமான ஒன்றை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை என்று அந்த நேரத்தில் சத்தியம் செய்திருப்பாள்.

"கடைசிப் பதினாறு எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள் மகள்.

"எட்டு ஓடினேன். எட்டை இழுத்துட்டு வந்தேன்."

மறுநாள் மூன்றாம் மாடியிலிருந்து பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு நாள் விடுப்பு. மூன்றாம் நாள் உருளை முன்னால் நின்றாள், இரண்டு காலிலும். இரண்டாம் மாடிக்குப் போய்த் தெரபிஸ்டிடம் பதக்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண் பதக்கத்தைவிட இடது காலைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மூன்று மாரத்தான் ஓடிவிட்டாள். நீள ஓட்டம் ஒருமுறைகூட மூன்றரை மணியைத் தாண்டியதில்லை. ஒரு வருஷம் வெயில் கொளுத்தியபோது மூன்று மணியோடு நிறுத்திவிட்டாள். அந்த வருஷமும் முடித்தாள், பத்து நிமிடம் கூடுதலாக. கேஷியர் இன்றைக்கும் முப்பத்திரண்டுதான் சரி என்பார். அவருக்கு அது சரிதான். புதியவர்களுக்குத் துணையாகப் பின்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்தாறில் அவர் கையை ஆட்டிவிட்டுப் போவார், அவள் ஆட்டிவிட்டு நிறுத்தத்துக்குப் போவாள்.

அந்த விளக்குக் கம்பம் கணவரை விடவில்லை. இப்போது ஓய்வு நாட்களில் அவரும் ஷூ போட்டுக்கொண்டு வருகிறார். ஓடுவதில்லை, அவள் ஓடும்போது மைதானத்தைச் சுற்றி நடக்கிறார். முதலில் இருபது நிமிடம், பிறகு முப்பது. போன மாதம் ஐம்பது நிமிடம் நடந்திருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லியிருக்கிறார், மகள் அட்டவணை போட்டுக்கொடுத்திருக்கிறாள். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் கிடந்த அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அவள் மடிப்புக் கலையாமல் மேசைமேல் எடுத்து வைத்தாள்.